கட்டில் சட்டத்தில் அடித்தவள்

அன்புள்ள டமாரத்துக்கு,

அப்பா எழுதுவது. நீ கேட்ட ஆசீர்வாதம் இந்தக் கடிதத்தில் இல்லை. தேடாதே.

தொலைக்காட்சியில் உன் டிரம்ஸ் நிகழ்ச்சியைப் பார்த்தோம். அம்மா தெருவையே கூட்டி வைத்திருந்தாள். நான் வழக்கம்போல ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் குச்சி அந்தரத்தில் நிற்கிறது, என் கையில் அடி விழுகிறது! நீ தலைமுடியை ஒதுக்குகிறாய், அப்போதும் விழுகிறது. அது உன் அடியும் இல்லை. உன் இடது கை எப்போதும் ஒரு நூல் பிந்தும், எனக்குத் தெரியாதா? எவனோ பதிவு செய்ததை ஓடவிட்டு, நீ சும்மா கையை ஆட்டியிருக்கிறாய். ஈ ஓட்ட அவ்வளவு பெரிய மேடை எதற்கு? காது கேட்கிற கூட்டமெல்லாம் கைதட்டியது. செவிடன் எனக்குத்தான் மானம் போயிற்று.

"இப்ப எல்லாரும் அப்படித்தாங்க பண்றாங்க, அவளை மட்டும் ஏன் கரிச்சுக் கொட்டறீங்க" என்றது அம்மாவின் உதடு. எல்லாரும் என்ன மண்ணாவது பண்ணட்டும். நிஜமாக வாசித்தால் தப்பு வரும் என்று உன் மேனேஜர் சொன்னானாமே, அந்தக் கோட்டுப் போட்ட கோமாளி! வரட்டுமே. வாசிக்கிறவளுக்குத்தான் தப்பு வரும், பொம்மைக்கு எங்கே வரும்? இப்படியே மூன்று வருஷம் ஆட ஒப்பந்தமாம், அதில் கையெழுத்துப் போட என் ஆசி வேண்டுமாம். தூ!

தறிச் சத்தம் என் காதைத் தின்ற பிறகு, ஷிப்ட் முடிந்து வந்து இரும்புக் கட்டிலில் விழுவேன். நீ கரண்டியோடு வந்து சட்டத்தில் அடிப்பாய். முதுகு வழியாக எனக்கு வந்து சேரும். உனக்குப் பேச்சே திருந்தாத வயது. ஆனாலும் கோபமா குஷியா என்று எனக்குத் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தபோது, "எனக்கு ஒண்ணும் கேக்கலையே சார்" என்றேன். மனிதர் தலையில் அடித்துக்கொண்டு போனார். உனக்கும் எனக்கும் இருந்த பேச்சு அந்தக் கரண்டி அடி ஒன்றுதான்.

இதை எழுத வேண்டாம் என்றாள் அம்மா. சர்க்கரை வியாதியில் என் இடது கை மரத்துப் போய்விட்டது. வலது கையிலும் இரண்டு விரல்களுக்கு உணர்ச்சி இல்லை. மீதியைப் பற்றி டாக்டர் வாயைத் திறக்கவில்லை. கையெழுத்துப் போடுமுன் ஒரு நடை வந்துவிட்டுப் போ, கண்ணு. தப்புத் தப்பாகவாவது நீயே அடி. எனக்கு இன்னும் கொஞ்சம் கை இருக்கிறது.

இப்படிக்கு,
அப்பா