முழுசாக ஒரு பர்கர்

27 செப்டெம்பர் 2003, சனி

காலையில் மப்பு, மத்தியானத்துக்குப் பிறகு மழை. பாமசியில் சரியான கூட்டம். ஊர் முழுக்க இருமல்.

கண் கிளினிக்குக்காக அம்மாவும் தேயிலைத் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்திருந்தாள். கிளினிக் முடிந்ததும் நான் வேலை செய்யும் பாமசிக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

தங்கச்சி அஞ்சலை கோல் எடுத்தாள். கொழும்பில் ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை அவளுக்கு. சனிக்கிழமைகளில் பாமசி நம்பருக்குத்தான் பேசுவாள். ரிசீவரை அம்மாவிடம் கொடுத்தேன்.

"என்னாடி சமையலு இன்னைக்கு?... பர்கரா? அது எப்புடி இருக்கும்?"

அம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஒனக்குன்னு முழுசா ஒண்ணு குடுக்க மாட்டாங்களா?" பதில் என்னவோ, முகம் இறுகிவிட்டது. ரிசீவரை மெதுவாக வைத்தாள்.

"இவ செஞ்சு அடுக்குவாளாம். அந்த வீட்டுப் புள்ளைங்க கடிச்சு மிச்சம் வச்சா இவளுக்காம்." என்னைப் பார்த்தாள். "இந்த டவுன்ல கெடைக்குமா அது?"

கிடைக்கும் என்றேன். உண்மையில் எனக்கே தெரியாது. பதுளையில் இத்தனை வருஷம் வேலை, ரோல்ஸைத் தாண்டிப் போனதில்லை.

30 செப்டெம்பர், செவ்வாய்

வெயில். காலில் புதுச் செருப்பு கடிக்கிறது.

ரிஸ்வானாவிடம் சொன்னேன். பக்கத்துக் கவுண்டர், டவுன்காரி. "அதுக்கென்ன, தேடிப் பாப்போமே" என்றாள். சாப்பாட்டு நேரத்தில் நானும் ரி.யும் ஊர் சுற்றல். இதுவரை பார்த்தவை:

ஸ்டேஷன் பக்கத்து பேக்கரி. பர்கர் என்று போர்ட். பன்னைத் திறந்தால் நேற்றைய கட்லட். ரி. அதைக் கடைக்காரன் முன்னாலேயே பிரித்துக் காட்டிவிட்டு வந்தாள்.

மார்க்கெட் ஓரத்துக் கடை. ஹொட் டோக். சொசேஜ் உள்ளே ஜில்லென்று இருந்தது. கேட்டதற்கு, "ஹொட்டுன்னா அது பேருதானே" என்றான். சிரிப்பு வந்துவிட்டது, இல்லாவிட்டால் சண்டை.

மணிக்கூண்டுப் பக்கம் ஒன்று. சிப்ஸ் மட்டும். எண்ணெய் பழசு, மீன் வாசம்.

ரி.க்கு வயிறு சரியில்லை. எனக்கும்தான். அதற்காக விடுவதாக இல்லை.

2 ஒக்டோபர், வியாழன்

கண்டுபிடித்தாயிற்று!

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பாரூக் நானாவின் கடை. கடை என்பதா, இரண்டு கொத்து ரொட்டிக் கல், ஒரு அடுப்பு, முன்னால் பலகை ஒன்று. நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். பன் அவர் தம்பி பேக்கரியில் காலையில் போட்டது, கல்லில் வெண்ணெய் தடவிச் சூடாக்குகிறார். கோழி இறைச்சியை மிளகு, வெங்காயம் போட்டுத் தட்டிப் பொரிக்கிறார். அதற்கு மேல் முட்டை. ஹொட் டோக்கில் சொசேஜைக் கீறி, கருகவிட்டு, பக்கத்தில் சீனிச் சம்பல் திணிக்கிறார். அப்படி ஒரு யோசனை யாருக்கு வரும்! சிப்ஸ் வெலிமடைக் கிழங்கு, விரல் தடிப்பு, தோல்கூட முழுக்க எடுப்பதில்லை. விலையும் எங்கள் கைக்கு அடக்கம்.

"அம்மா மாடு சாப்பிட மாட்டாங்க நானா" என்றேன்.

"தெரியும் புள்ள. மாடு அந்தக் கல்லு, கோழி இந்தக் கல்லு. ஒண்ணோடொண்ணு சேக்க மாட்டன். தைரியமா கூட்டிட்டு வாங்க."

ரி. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள்.

5 ஒக்டோபர், ஞாயிறு

கோபம் இன்னும் அடங்கவில்லை.

காலையில் அம்மாவும் நானும் பஸ்ஸில் டவுனுக்கு. நேரே நானா கடை. அம்மா நின்றபடி ஒரு கடி கடித்தாள். இன்னொரு கடி. "நல்லாருக்குடி" என்றாள். ஆனால் பார்வை வேறெங்கோ. ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் பர்கர் கடை. கீழே கவுண்டர், மேலே கண்ணாடி போட்ட மாடி, சிவப்பு நாற்காலிகள்.

"அங்க ஒக்காந்து சாப்புடணும்" என்றாள். "நின்னுக்கிட்டு சாப்புடுறதுதான் மலையில தெனமும் இருக்கே."

சரி என்று ரோட்டைக் கடந்தோம். உள்ளே மாடிப்படி அடியில் டை கட்டிய ஒரு தம்பி, மனேஜராம். அம்மாவின் சேலையைப் பார்த்தான், ரப்பர் செருப்பைப் பார்த்தான், செருப்பில் இருந்த சேற்றையும் பார்த்தான்.

"மேல ரிசேர்வ் பண்ணியிருக்கும்மா. பார்சல் கட்டித் தர்றேன், எடுத்துட்டுப் போங்க."

எங்கள் பேச்சு! அப்படியே எங்கள் பக்கத்துத் தமிழ். அதுதான் இன்னும் எரிந்தது.

"யாரு ரிசேர்வ் பண்ணாங்க?" என்றேன்.

"கஸ்டமர்ஸ்."

"அப்ப நாங்க யாரு?"

டையைச் சரிசெய்துகொண்டான். எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு ஜோடி, ஜீன்ஸும் கூலிங் கிளாஸும், அவனைத் தாண்டி மேலே போனது. அவர்களிடம் எதுவும் கேட்கவில்லை. நான் கத்தியிருப்பேன். அம்மா என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டாள்.

அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை. கண்ணாடி மாடியை அண்ணாந்து பார்த்து நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரு வந்தோம், வுடல. எத்தன பேரு வந்தா வுடுவான்?"

8 ஒக்டோபர், புதன்

மழை. பஸ் லேட். பாமசியின் சொந்தக்காரர் சேர் கடிந்துகொண்டார்.

வீட்டில் அம்மா காரியத்தில் இறங்கிவிட்டாள். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும் முன்பே தன்னோடு கொழுந்து பறிக்கும் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிறு, டவுன், எல்லாரும் நல்ல சேலை.

மாரியாயி அக்கா மட்டும் கேட்டாராம்: "நமக்கு எதுக்குடி அந்த வம்பு? நானா கடையே நல்லாருக்குன்னு சொல்றியே."

"ருசிக்கு நானா கடைதான்" என்றாளாம் அம்மா. "இது ருசிக்குப் போறது இல்ல."

12 ஒக்டோபர், ஞாயிறு

எல்லாவற்றையும் எழுத வேண்டும், ஒன்றும் விடாமல்.

நல்ல வெயில். தீபாவளிக் கூட்டம், ரோடு கொள்ளவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா உத்தரவு: "வெத்தலய துப்பிட்டு வாங்கடி." துப்பினார்கள். ஊதா, பச்சை, மஞ்சள், எல்லாச் சேலையும் வரிசையாகக் கடைக்குள் நுழைந்தன. யாரையும் கேட்கவில்லை. நேரே மாடிப்படி.

டை கட்டிய தம்பி ஓடி வந்தான். "அம்மா, மேல ரிசேர்வ்..."

"ஆமா தம்பி" என்றாள் அம்மா, ஏறிக்கொண்டே. "நாங்கதான் ரிசேர்வு பண்ணோம். போன ஞாயித்துக்கெழம."

மேலே ஒரு மேசையில் மட்டும் ஆட்கள், ஒரு சிங்களக் குடும்பம். மற்ற எல்லா மேசையிலும் நாங்கள். இடம் போதவில்லை. அந்தக் குடும்பத்து அம்மா பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "வாடிவென்ன" என்று உட்காரச் சொல்லி மாரியாயி அக்காவுக்கு இடம் கொடுத்தார். மாரியாயி அக்கா ராணி மாதிரி உட்கார்ந்தார்.

தம்பி அம்மாவிடம் குனிந்து, குரலைத் தாழ்த்தி: "முதலாளி பாத்தா என் வேல போயிரும்மா."

"எந்தத் தோட்டம் தம்பி நீ?"

காது சிவந்துவிட்டது. கடைசியில், "மடுல்சீமைப் பக்கம்" என்றான், உதடு அசையாமல்.

"ஒங்கம்மா வந்தாலும் பார்சல்தானா?"

பில் புத்தகத்தைத் திறந்தான். பிறகு காசை முதலில் கட்டச் சொன்னான். அந்தச் சிங்களக் குடும்பம் சாப்பிட்டுவிட்டுத்தான் கட்டியது, அதையும் கவனித்தேன். கட்டினோம்.

கோழி பர்கர், ஹொட் டோக், சிப்ஸ் எல்லாம் வந்தன. மாரியாயி அக்கா பன்னைப் பிரித்து, இறைச்சியைப் பிட்டு, சோறு மாதிரி பிசைந்து சாப்பிட்டார். இன்னொருவர் சொசேஜை முதலில் தின்றுவிட்டு வெறும் பன்னுக்கு உப்பு கேட்டார். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. அம்மா மட்டும் சிரிக்காமல் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்து, வாயை அகலத் திறந்து கடித்தாள். தாடையில் சோஸ். கடைசித் துணுக்கு வரை முழுசாக முடித்தாள். பிறகுதான் தீர்ப்பு.

"எறச்சி காஞ்சு கெடக்கு. கெழங்கு ஐஸ்ல வச்சது. நானாகிட்ட வந்து கத்துக்கச் சொல்லு."

உண்மைதான். நானா கடையின் பக்கத்தில்கூட நிற்காது. ஆனால் அந்தக் கண்ணாடி வழியாக டவுன் முழுக்கத் தெரிந்தது. பஸ்கள், கோவில் பக்கம், தூரத்தில் எங்கள் நமுனுகுல மலை. அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து, முதுகில் கூடை இல்லாமல்.

இறங்கும்போது படி அடியில் முதலாளி. என்னை அடையாளம் தெரிந்துவிட்டது, பிரஷருக்கு எங்கள் பாமசியில்தான் மருந்து வாங்குகிறவர். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தலை குனியாமல் கடந்து போனேன்.

13 ஒக்டோபர், திங்கள்

எதிர்பார்த்ததுதான். சேர் உள்ளே கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், வழக்கமாகக் குரலை உயர்த்தாதவர். இன்றும் உயர்த்தவில்லை.

"பிள்ளை, அவர் எனக்குக் கோல் எடுத்தவர். உம்மட ஆக்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சண்டித்தனம் செய்தனீராம்."

"சாப்பிட்டோம் சேர்."

"அது விளங்குது. அவர் என்ர சிநேகிதன். ஒருக்காப் போய் மன்னிப்புக் கேட்டுப்போட்டு வாரும். விஷயம் முடிஞ்சிடும்."

"மாட்டேன் சேர்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நான் வேற ஆளைப் பாக்க வேண்டி வரும். யோசியும்."

பயம் இல்லை என்று எழுத முடியாது. இந்த வேலை போனால் அடுத்த வேலை எங்கே? உயர்தர வகுப்புப் படித்துவிட்டு வேலை இல்லாமல் வீட்டில் இருந்த நாட்கள் நினைவு வந்தது.

வீட்டில் சொன்னேன். போய்க் கேட்டுத் தொலை என்று அம்மா சொல்வாளோ என்று பாதி ஆசை, சத்தியமாக.

அம்மா விறகைத் தள்ளிவிட்டுத் திரும்பினாள். "நீ கேட்டீன்னா, நாங்க அத்தன பேரும் தப்பு செஞ்சோம்னு ஆயிரும்."

அதற்குப் பிறகு பாதி ஆசையும் இல்லை.

16 ஒக்டோபர், வியாழன்

காற்று. கடைப் போர்ட் ஒன்று விழுந்தது, எங்களுடையது அல்ல.

நானே உள்ளே போனேன். "சேர், நான் செஞ்ச தப்பு என்னன்னு எழுதித் தாங்க. எழுத்துல இருந்தா கையெழுத்துப் போட்டுட்டு வேலையை விட்டுப் போறேன்."

பேனாவை எடுத்தார். நான் மேசைக்கு எதிரே நின்று தலைகீழாக வாசித்தேன். 'கடந்த ஞாயிற்றுக்கிழமை நீர் தோட்டத்துப் பெண்கள் சிலருடன் மேல்மாடியில் அமர்ந்து'. அங்கே பேனா நின்றுவிட்டது.

"சத்தம் போட்டனீங்களோ?"

"சிரிச்சோம் சேர்."

"காசு குடுக்காமல் வந்தனீங்களோ?"

"முன்னுக்கே கட்டிட்டோம்."

"எதையும் உடைச்சனீங்களோ?"

"இல்ல சேர்."

'அமர்ந்து' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு 'உணவருந்தியது' என்று எழுதினார். எழுதியதை ஒருதரம் வாசித்தார். தாளைக் கசக்கிக் கூடையில் போட்டார்.

"போய்க் கவுண்டரைப் பாரும்."

அவ்வளவுதான். வருத்தம் என்று ஒரு சொல் இல்லை. எனக்கும் தேவையில்லை. அலமாரிக்குப் பின்னால் ரி. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். சாயங்காலம் சேர் போனில் பேசியது காதில் விழுந்தது: "இல்லை ஐசே, அவ வரமாட்டா. நானும் அனுப்ப மாட்டன்."

18 ஒக்டோபர், சனி

தூறல். பனடோல் ஸ்டொக் முடிந்தது, ஓடர் போட வேண்டும்.

அஞ்சலையின் கோல். நடந்ததெல்லாம் சொன்னேன். மாரியாயி அக்கா பிசைந்து சாப்பிட்டதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, இன்னைக்கு மொதல்ல செஞ்ச பர்கர எனக்குன்னு எடுத்து வச்சேன். மேடம் பாத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. நானும் திருப்பி வைக்கல."

19 ஒக்டோபர், ஞாயிறு

மழை விட்டு விட்டு.

அம்மா மறுபடியும் அங்கே போக வேண்டும் என்றாள். அதே கடை. நீயும் நானும் மட்டும் போதும் என்றாள். எதற்கு என்று கேட்டேன்.

"கூட்டமா போனா பயந்து வுடுவான். ரெண்டு பேரா போனாத்தான் தெரியும்."

அதே ரப்பர் செருப்பு. வேண்டுமென்றே துடைக்கவில்லை என்று நினைக்கிறேன். படி அடியில் அதே தம்பி. வாயைத் திறந்தான், மூடினான், விலகி நின்றான். "மேல போங்கம்மா."

கண்ணாடி ஓரத்து மேசை. ஒரு தட்டு சிப்ஸ் மட்டும். அம்மாவே கேட்டு வாங்கினாள். இன்னும் அதே ஐஸ் கிழங்கு. ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் எடுத்துச் சாப்பிட்டாள்.

கீழே நாங்கள் போக வேண்டிய பசறை பஸ் நிரம்பிக்கொண்டிருந்தது. கொண்டக்டர் பக்கவாட்டில் தட்டித் தட்டிக் கூப்பிடுவது கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் கேட்டது. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"ஒக்காரு" என்றாள் அம்மா. "பஸ்சு போனா போவட்டும்."

பஸ் போனது. உட்கார்ந்தேன்.