வாசலோரம் நாற்பத்தேழு பேட்டரிகள்

அனுப்புநர்
மூன்றாம் மாடி இடப்பக்க வீட்டில் வசிக்கும்,
மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வுபெற்றவரின் மகள்.

பெறுநர்
நிலைய அலுவலர் அவர்கள்,
தீயணைப்பு நிலையம்.

பொருள்: வீட்டு வாசலோரம் சிறு லித்தியம் பேட்டரிகளைக் கூட்டமாகச் சார்ஜ் செய்வதை நிறுத்தக் கோருதல் – தங்கள் நிலையத்துக்குச் சொந்தமான நான்கு பேட்டரிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: என் முதல் மனு, என் இரண்டாம் மனு, தங்கள் அலுவலரின் ஆய்வு.

மதிப்பிற்குரிய ஐயா,

இல்லை, இன்னும் தீப்பிடிக்கவில்லை. முதல் மனுப் படிவத்தின் ஏழாவது கட்டம் அதனால்தான் காலியாக இருந்தது. 'தீ விபத்து நிகழ்ந்த நாளும் நேரமும்' என்று அதில் கேட்டிருக்கிறது. நாள் தெரியாது. நேரமும் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கு அம்மாவை வேறெங்காவது கூட்டிப் போயிருப்பேன்.

மனு வாங்கும் மேசையில் இருந்தவர் பொறுமையானவர். எங்கள் வாசல் மிதியடியில் எரிந்து விழுந்த ஓட்டையைப் பற்றி அவரிடம் சொன்னேன். “மிதியடியெல்லாம் சேராதும்மா. ஒரு கதவாவது எரியணும்” என்றார். எங்கள் வீட்டிலிருந்து வெளியே போக ஒரு கதவுதான் இருக்கிறது.

இரண்டாம் மனுவில் ஏழாவது கட்டத்தில் 'விரைவில்' என்று எழுதிக் கொடுத்தேன். ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் பின் நடந்தவற்றையும், அதற்கு முன் நடந்தவற்றையும் கீழே பணிவுடன் தெரிவிக்கிறேன்.

1. என் தந்தை முப்பத்தோரு ஆண்டுகள் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவர். மின்சாரத்தை வாசித்தவர். தொட்டதில்லை. ஓய்வுபெற்ற மூன்றாம் மாதம், மேல்மாடிக் குழந்தையின் பொம்மை ஹெலிகாப்டர் பறக்க மறுத்தது. உள்ளே இருந்த பேட்டரி அரை பிஸ்கட் அளவுதான். அப்பா அதை வெளியே எடுத்து, பழைய போன் சார்ஜரின் வயரை வெட்டி அதில் கோத்தார். ஹெலிகாப்டர் பறந்தது. சிக்கல் அங்கே தொடங்குகிறது.

2. இன்றைய நிலவரம். வாசல் கதவை ஒட்டிய சுவரில் பழைய அலமாரிக் கதவு ஒன்று திருகாணி போட்டு நிறுத்தப்பட்டிருக்கிறது. அதில் நாற்பத்தேழு பேட்டரிகள் துணிக் கிளிப்புகளில் தொங்குகின்றன. காதில் மாட்டும் கருவிக்குள் இருந்தவை, அழைப்பு மணிக்குள் இருந்தவை, பல் துலக்கும் கருவிக்குள் இருந்தவை. பெரியது, சிறியது, புதியது, எந்தக் காலத்தது என்று தெரியாதது. எல்லாவற்றுக்கும் ஒரே சார்ஜர். ஒரே ப்ளக்.

இத்தகைய பேட்டரிகளின் தலையில் பெரும்பாலும் சிறு பச்சைச் சில்லு ஒன்று இருக்கும். அளவு மீறினால் மின்சாரத்தை நிறுத்துவது அதன் வேலை. அப்பா அதைக் கத்தரித்துவிடுகிறார். “பாதியிலேயே நிறுத்திடுது. சரியான பயந்தாங்கொள்ளி” என்பது அதைப் பற்றி அவர் கருத்து. பயந்தாங்கொள்ளிகள் ஒரு டப்பாவில் சேர்ந்திருக்கின்றன. தேவைப்பட்டால் சமர்ப்பிக்கிறேன்.

3. இப்படிச் சார்ஜ் ஏறும் பேட்டரி இரண்டு மூன்று நாளில் உப்புகிறது. உள்ளே வாயு சேர்வதால் உப்புகிறது, அதற்குமேல் அதைத் தொடவே கூடாது என்று படித்திருக்கிறேன். அப்பாவோ அதை வேறு விதமாகப் பார்க்கிறார். சப்பையாக இருந்தால் பசி. உப்பிவிட்டால் நிறைவு. உப்பும் வரை இறக்குவதில்லை.

கட்டிடம் முழுவதும் இதைக் கற்றுக்கொண்டுவிட்டது. வருகிறவர்கள் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார்கள். பல் துலக்கும் கருவியின் பேட்டரியைக் கொடுத்திருக்கும் இரண்டாம் மாடி டீச்சர் நேற்று வந்து நின்று, “என்ன சார், என்னுது இன்னும் உப்பவே இல்லையே. பக்கத்துல இருக்கிறது பாருங்க, எப்படிப் புசுபுசுன்னு இருக்கு” என்று குறைப்பட்டுக்கொண்டார். அப்பா அவருடையதை மேல் வரிசைக்கு மாற்றினார். மேல் வரிசையில் நன்றாக உப்புகிறதாம்.

4. மிதியடி. சென்ற மாதம் பதினெட்டாம் தேதி, முற்பகல் பதினொன்றரை. கீழ்த்தளத் தையற்காரர் கொடுத்திருந்த பேட்டரி சீறியது. அழுகிய பழம்போல் இனிப்பான ஒரு வாடை. பிறகு கிளிப்பிலிருந்து தானே துள்ளி மிதியடியில் விழுந்து வெண்புகை விட்டது. அப்பா அதன்மேல் இரும்பு வாளியைக் கவிழ்த்தார். வாளி சிறிது நேரம் முனகியது. “அளவில்லாம சாப்பிட்டுடுச்சு” என்றார். தையற்காரரிடம் நேரில் போய் வருத்தம் தெரிவித்தார். அவர் நெகிழ்ந்துபோய் வேறு இரண்டு பேட்டரிகளைக் கொடுத்தனுப்பினார்.

5. என் தாயாருக்கு ஐந்து வாரங்களுக்கு முன் இரண்டு முழங்கால்களிலும் அறுவை சிகிச்சை நடந்தது. நடைச்சட்டம் பிடித்து நடக்கிறார். உள்ளறைக் கட்டிலிலிருந்து வாசல் வரை பதினான்கு அடி. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். நான்கு நிமிடம் பத்து வினாடி. அதில் பாதி எழுந்து நிற்பதற்கே போய்விடுகிறது. சன்னலுக்கு இரும்புக் கம்பி. சமையலறையில் கதவு கிடையாது. ஆகவே அவர் வெளியேற வேண்டுமானால் நாற்பத்தேழு பேட்டரிகளையும் உரசிக்கொண்டுதான் போக வேண்டும்.

“தீப்பிடிச்சா நான் குரல் குடுக்கறேன், நீ வந்துடு” என்று அப்பா உறுதி கூறியிருக்கிறார்.

“எங்க வர? உங்க பக்கத்துல நின்னு கிளிப்பு எடுத்துக் குடுக்கவா?” என்று அம்மா கேட்டார்.

அம்மா வாசலைப் பார்த்துத் திரும்பி, வாடை வருகிறதா என்று மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தபடி படுத்திருக்கிறார். மருத்துவர் நன்றாகத் தூங்கச் சொல்லியிருக்கிறார்.

6. நீயே ப்ளக்கைப் பிடுங்கலாமே என்று தாங்கள் கருதலாம். பிடுங்கினேன். மூன்று முறை. மூன்றாம் முறை சார்ஜரையே அரிசி டப்பாவில் ஒளித்துவைத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் நான்கு வீட்டார் வாசலில். “ஏம்மா, அந்த மனுஷன் ஒரு நல்ல காரியம் பண்றார், அது உனக்குப் பொறுக்கலையா?” என்றார் தையற்காரர். “படிச்ச பொண்ணு, இப்படியா?” என்றார் டீச்சர். சார்ஜரைத் திருப்பிக் கொடுத்தேன். அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

7. தங்கள் அலுவலர் ஒருவர் முழுச் சீருடையில் ஆய்வுக்கு வந்தார். பலகை முன் நெடுநேரம் நின்றார். நான் பச்சைச் சில்லுகளின் டப்பாவைத் திறந்து காட்டினேன். அவர் குனிந்து, பேட்டரி ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினார். பிறகு அப்பாவிடம், “அண்ணே, எங்க ஸ்டேஷன் டார்ச்சுலயும் நாலு படுத்துக் கிடக்கு” என்றார்.

மறுநாள் கொண்டு வந்து கொடுத்தார். அவை மேல் வரிசையில், சிவப்புக் கிளிப்புகளில் உள்ளன. 'தீ இல்லை. வீட்டார் நல்ல ஒத்துழைப்பு' என்று அவர் அறிக்கை எழுதியதாக அறிகிறேன். இரண்டும் உண்மை.

8. இதை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று தெரியவில்லை. முப்பத்தோரு ஆண்டுகள் அப்பா பிறர் கதவுகளைத் தட்டினார். திறந்தார்கள். ஓய்வுபெற்ற பின் யாருடைய கதவைத் தட்டவும் அவருக்குக் காரணம் இல்லை. மூன்று மாதம் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இப்போது ஒரு நாளைக்குப் பத்துப் பேர் எங்கள் கதவைத் தட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அவர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டுதான் எழுந்து போகிறார். என் புகார் அந்தப் பொத்தான்மேல் இல்லை.

9. இம்மனுவின் முதல் படியை அப்பா படித்தார். மறைத்து எழுத இந்த வீட்டில் இடமில்லை. பிழைகள் இரண்டைத் திருத்தினார். 'உப்பிய பேட்டரி' என்று வந்த இடங்களில் 'நிறைந்த பேட்டரி' என்று மாற்றியிருந்தார். நான் மீண்டும் 'உப்பிய' என்றே எழுதியிருக்கிறேன். தங்களுடைய நான்கில் மூன்று நிறைந்துவிட்டன, நான்காவதற்கு இரண்டு நாள் ஆகும் என்று தெரிவிக்கச் சொன்னார். தெரிவித்துவிட்டேன்.

ஆகவே ஐயா அவர்கள் பின்வருவனவற்றைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பேட்டரிகளைத் தாங்களே வந்து எடுத்துச் செல்லுங்கள். சீருடையில் வாருங்கள், பகலில் வாருங்கள், கட்டிடத்தார் பார்க்கும்படி வாருங்கள். தாங்கள் எடுத்தால் டீச்சர் எடுப்பார். டீச்சர் எடுத்தால் தையற்காரர் எடுப்பார். உப்பியவற்றை அவரவர் வீட்டுக்குக் கொடுத்துவிடாமல், மணல் வாளியில் இட்டுத் தாங்களே கொண்டுபோய்விடுங்கள்.

அப்பாவுக்கு ஓர் ஆணை தேவை. எழுத்தில், முத்திரையுடன். 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்' என்று இருந்தால் படித்துவிட்டு மடித்து வைப்பார். 'ஆணையிடப்படுகிறார்' என்று இருந்தால் அன்றே கீழ்ப்படிவார். வேலையில் இருந்த காலத்தில் ஒரு காகிதத்தையும் அவர் மீறியதில்லை.

இன்னொன்று. எங்கள் கட்டிடத்தில் மாடிக்கு ஒன்றாகத் தீயணைப்பு உருளைகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு வட்டமும் ஒரு முள்ளும் உண்டு. மாதம் ஒரு முறை அதைப் பார்த்துக் குறிக்க வேண்டும் என்று உருளையின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. யாரும் பார்ப்பதில்லை. இந்தத் தெருவில் இதுபோல் பதினோரு கட்டிடங்கள். முள்ளை வாசிக்கத் தெரிந்த ஒருவர் எங்கள் வீட்டில் சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருக்கிறார்.

ஏழாவது கட்டம் நிரம்புவதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள்.

நாள்: ஒன்பதாம் தேதி, வியாழன், பிற்பகல்.
இடம்: வாசலிலிருந்து பதினான்கு அடி உள்ளே.

இப்படிக்கு,
(ஒப்பம்)
மேற்படி மகள்.

பின்குறிப்பு: மனுவில் கையெழுத்திட்ட பின் அம்மாவின் கட்டிலை வாசலுக்கு வெளியே இழுத்து, மாடிப்படித் திருப்பத்தில் போட்டேன். தனியாக முடியவில்லை. அப்பா வந்து மறுமுனையைத் தூக்கினார். படிவழியை மறித்தால் அன்றே வந்து அகற்றுவோம் என்று தங்கள் நிலையத்தின் அறிவிப்பு கீழ்த்தளத்தில் ஒட்டப்பட்டுள்ளது. முழுவதும் மறித்திருக்கிறேன். அம்மா அதில் தூங்குகிறார்.