கால் நொடி முன்னால்

மார்ச் 3, செவ்வாய்

நாள் முழுக்கத் துணி ஆலையில் சத்தம் அளந்தேன். தறிக்கூடத்தில் 97 டெசிபல். மேற்பார்வையாளர் காதருகே வந்து, "இங்க எல்லாருக்கும் பழகிடுச்சு சார்!" என்று கத்தினார். பழகவில்லை, காது செத்துவிட்டது. அறிக்கையில் அப்படி எழுத முடியாது. "கேட்கும் திறன் குறைந்திருக்கிறது" என்று எழுதினேன்.

வீட்டுக்கு வந்து இந்த வார ஆல்பத்தைக் கேட்டேன். பங்க் ராக், வேகமும் கத்தலும்தான். பதினோரு பாட்டு, மொத்தம் இருபத்து மூன்றே நிமிடம். விமர்சனம் எழுதிக் கீழே "காதுகாரி" என்று போட்டு அனுப்பினேன்.

காதுகாரி நான் இல்லை. அவள், என் மனைவி. ஆறு வருடம் பத்திரிகையில் அந்த இசை விமர்சனப் பக்கத்தை எழுதினாள். வாசகர்கள் யாருக்கும் அவள் முகம் தெரியாது. அக்டோபர் எட்டாம் தேதி பஸ் நிறுத்தத்தில் நின்றவள் அப்படியே உட்கார்ந்தாளாம். மூளையில் ரத்தக் குழாய் வெடித்து, எழுந்திருக்கவே இல்லை. முப்பத்தொரு வயது. பத்திரிகை ஆசிரியை அக்கா போன் செய்து, "பக்கத்தை நிறுத்திடவா தம்பி?" என்று கேட்டபோது, வேண்டாம், நான் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? இன்றுவரை தெரியவில்லை.

அக்காவின் பதில் இப்போதுதான் வந்தது: "இது விமர்சனமா, டெஸ்ட் ரிப்போர்ட்டா? 'இரண்டாம் பாட்டில் கிட்டார் நான்கு டெசிபல் அதிகம்'னு எழுதினா படிக்கிறவன் என்னப்பா பண்ணுவான்? ஆனா ஒண்ணு, லெட்டர் நிறைய வருது. காதுகாரிக்கு ஏதோ கிறுக்குப் பிடிச்சிருக்குன்னு ரசிக்கிறாங்க."

மார்ச் 5

தூங்கினேன். வேலைக்குப் போனேன். இன்னொரு ஆல்பம். பாடகர் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து பாடியது போல இருந்தது. அப்படியே எழுதினேன். அவளாக இருந்தால் இதை வைத்தே சிரிக்க வைத்திருப்பாள்.

மார்ச் 8, ஞாயிறு

ஐந்து மாதம்.

காலையில் "ஈரத்துணி" என்ற குழுவின் புது ஆல்பம். ஏப்ரலில்தான் வெளியாகிறது. விமர்சகர்களுக்கு முன்கூட்டியே வரும் பிரதி, ஒலிகளைக் கலந்து சரிசெய்யும் இறுதி மிக்ஸிங் முடியாதது. இந்தக் குழுவைப் பற்றி அவள் ஒரு வரிகூட எழுதியதில்லை. பிடிக்காது போல என்று நினைத்திருந்தேன். டிசம்பரில் அவர்களின் பாட்டு ஒன்றைப் பற்றி எழுதியது நான்தான்.

இரண்டாவது பாட்டு "மூணாவது மாடி". லிஃப்ட் வேலை செய்யாத கட்டடம், கையில் சாமான் மூட்டை, வீட்டுக்காரன் மேல் கோபம். இந்த மாதிரிப் பாட்டில் நண்பர்கள், வந்தவர் போனவர் எல்லோரையும் ஒரே மைக் முன்னால் நிறுத்திக் கத்த வைப்பார்கள். இதில் கத்த வேண்டிய சொல் "ஏறு!".

ஒரு நிமிடம் நாற்பத்தேழாவது நொடி. கூட்டம் கத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரே ஒரு குரல் முந்திக்கொண்டு "ஏ—" என்றது. பிறகு கூட்டம் வந்து அதை மூடிவிட்டது.

அவதான்.

அவளேதான். எனக்குத் தெரியாதா?

மார்ச் 9

நேற்று அதை நாற்பத்தோரு தடவை கேட்டிருக்கிறேன். கணினி எண்ணி வைத்திருக்கிறது, நான் எண்ணவில்லை.

இன்று விடுப்பு. அலைவரைபடம் போட்டுப் பார்த்தேன். அந்தக் குரல் தனியாக இருப்பது 0.24 நொடி. கால் நொடிகூட முழுசாக இல்லை. கிட்டாரைப் பாட்டிலிருந்து கழற்ற மென்பொருள் உண்டு. பதினைந்து பேர் கத்தும்போது அதில் ஒருத்தியைக் கழற்ற எதுவும் கிடையாது.

அவள்தான் என்று நிரூபிக்க அவளுடைய வேறு பதிவு ஒன்று வேண்டும். என் போனில் வீடியோக்கள் இருக்கின்றன. திறக்கவில்லை. முடியவில்லை. ஐந்து மாதமாக முடியவில்லை.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிப் போனாள். திரும்பி வரும்போது குரலே இல்லை. "ஏசி ஒத்துக்கல" என்றாள். வெந்நீர் போட்டுக் கொடுத்தேன். பல் வைத்தியத்தில் எங்கேயாவது தொண்டை கட்டுமா? அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மார்ச் 11

மருத்துவமனை ஒன்றில் ஜெனரேட்டர் அறை. எஞ்சின் பிடிக்கும் முன் ஒரு இழுப்பு இழுக்கும். அந்த இழுப்பில் "ஏ—". திரும்பிப் பார்த்தேன். ஆப்பரேட்டர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"என்ன சார், யாராவது கூப்பிட்டாங்களா?"

"இல்ல."

"இந்த ரூம்ல எல்லாருக்கும் அப்படித்தான். எனக்கு எங்க அப்பா கூப்பிடுற மாதிரி இருக்கும். கடன்காரன் கூப்பிடாத வரைக்கும் சரி."

மீட்டரை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து வேலையை முடித்தேன்.

மார்ச் 14, சனி

அவளுடைய அம்மா வந்தார். அத்தை மாதத்துக்கு ஒருமுறை வந்து என் வீட்டு ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் போவார். இந்த இசையைக் கண்டாலே ஆகாது அவருக்கு. மகளிடம், "தகர டப்பாவைப் படியில உருட்டி விட்டு அதுக்கு மார்க் வேற போடுறியா?" என்று கேட்டவர்.

எதுவும் சொல்லாமல் ஹெட்போனை மாட்டிவிட்டேன். 1:40லிருந்து ஓட விட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 1:47 வந்தது. சுளிப்பு போய்விட்டது.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவசரக்குடுக்கை" என்றார். "ஸ்கூல்ல சேர்ந்து பாடும்போதும் இப்படித்தான். எல்லாரும் வாயைத் திறக்கிறதுக்குள்ள இவ ஆரம்பிச்சிடுவா. டீச்சர் வரிசையை விட்டே வெளிய நிக்க வெச்சாங்க."

பிறகு, "இன்னொரு தடவை போடுங்க மாப்பிள்ளை" என்றார்.

மார்ச் 15

ஈரத்துணியின் பாடகிக்குப் போன் செய்தேன். பத்திரிகை அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொன்னேன். பகலில் பஸ் ஓட்டுகிறாராம். பின்னால் ஹாரன் சத்தம்.

"ரெண்டாவது பாட்டுல ஒரு குரல் முந்துதே?" என்று கேட்டேன்.

"ஐயோ, அதைக் கவனிச்சிட்டீங்களா? கடைசி மிக்ஸிங்ல வெட்டிடுவோம் சார். இருபத்தி நாலாம் தேதி முடிஞ்சிடும். எப்பவோ முடிய வேண்டியது, கிட்டார்காரனுக்குக் கல்யாணம், அது இதுன்னு கிடப்புல போட்டுட்டோம்."

"யாரு அது?"

சிரித்தார். "உங்க ஆளையே கேளுங்க! காதுகாரிதான். ஸ்டுடியோவுக்கு வந்து கத்திட்டுப் போனாங்க. மறுநாளே லெட்டர் போட்டாங்களே, எடுத்துடுங்கன்னு. மறக்கலன்னு சொல்லிடுங்க."

சொல்லிவிடுகிறேன் என்று சொன்னேன். வாய் தானாகச் சொன்னது.

மார்ச் 16

காதுகாரியின் மின்னஞ்சல் வழியாகத்தான் நானும் விமர்சனங்களை அனுப்புகிறேன். ஆனால் அவள் அனுப்பியவற்றைத் திறந்து பார்த்ததே இல்லை. இன்று பார்த்தேன். செப்டம்பர் 21.

"நேத்து நான் முந்திக்கிட்டேன். ஆல்பம் வெளியில வர்றதுக்கு முன்னாடி அதை எடுத்துடுங்க. நல்ல பாட்டு, என் சத்தம் அதைக் கெடுக்குது. கத்தினவளா சொல்லல, விமர்சகரா சொல்றேன். இனிமே உங்களைப் பத்தி நான் எழுதவும் முடியாது, சேர்ந்து கத்தியாச்சு. எங்க வீட்டுக்காரர்கிட்ட பல் டாக்டர்னு சொல்லிட்டு வந்தேன். உண்மையைச் சொல்லியிருந்தா மீட்டரைத் தூக்கிட்டுக் கூடவே வந்திருப்பார்."

வந்திருப்பேன். ஆமா, வந்திருப்பேன்டி.

மார்ச் 17

"முடிவை மாற்றிக்கொண்டேன். அந்தக் குரல் இருக்கட்டும். — காதுகாரி."

தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். அவள் பெயர், அவள் முகவரி, அவள் மாதிரியே இரண்டு வரி. ஐந்து மாதமாக இதைத்தானே செய்கிறேன்? இதையும் அனுப்பினால் என்ன? கால் நொடிதானே? உலகத்தில் யாருக்கு நஷ்டம்?

ஒன்றுதான் பயமாக இருக்கிறது. எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மார்ச் 18

அனுப்பவில்லை. மதியம் பஸ் டிப்போவுக்குப் போனேன். பாடகி யூனிஃபார்மில் சக்கரத்தருகே நின்று வாட்டர் பாட்டிலில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். அந்தத் தொண்டையா இது என்று நினைக்கும் அளவுக்கு மெதுவாகப் பேசுகிறார்.

"நான்தான் போன் பண்ணினது. காதுகாரி என் மனைவி" என்றேன். பிறகு, "செத்துட்டா. அக்டோபர்ல" என்றேன்.

இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. மருத்துவமனை சொன்னது, மச்சான் சொன்னான், ஆசிரியை அக்கா சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். சொன்ன பிறகு பஸ் படியில் உட்கார்ந்தேன்.

பாடகியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாட்டிலை மூடிவிட்டுக் கேட்டார்: "அப்போ இத்தனை மாசமா எழுதுறது?"

"நான்."

"அடப்பாவி. இனிமே எங்களைப் பத்தி எழுத முடியாதுன்னவங்க எப்படி எழுதினாங்கன்னு அப்பவே யோசிச்சேன். போன டிசம்பர்ல எங்க பாட்டுல 'மூன்று கிலோஹெர்ட்ஸில் தேவையற்ற இரைச்சல்'னு எழுதினது நீங்களா? அது இரைச்சல் இல்ல தம்பி, நான்!"

சிரித்தேன். சத்தம் வந்தது. என்னுடையதுதான்.

எழுந்து போகும்போது பாடகி சொன்னார், "வெட்ட மாட்டோம். அப்படியே இருக்கட்டும். உங்களுக்காக."

இதைக் கேட்கத்தானே வந்தேன்? இதற்காகத்தானே வந்தேன்?

"எடுத்துடுங்க" என்றேன். "அவ கேட்டா."

மார்ச் 20

அத்தையிடம் சொன்னேன். என்னை அடிக்கவில்லை என்பதுதான் மிச்சம்.

"வெட்டச் சொல்ல நீங்க யாரு? நான் பெத்த தொண்டை அது!"

அவள் கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். "விமர்சகராம்" என்று முணுமுணுத்தார். "நான் சமைச்சதுக்கும் இப்படித்தான் சொல்லுவா. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒத்துக்கணும், சரியாத்தான் இருக்கும்."

பிறகு போனை நீட்டினார். "உங்ககிட்ட இருக்கிறதை இதுல ஏத்திக் குடுங்க. ஏத்திட்டு உங்க கம்ப்யூட்டர்ல அழிச்சிடுங்க."

"ஏன் அத்தை?"

"உங்ககிட்ட இருந்தா இதைக் கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பீங்க. என்கிட்ட இருந்தா நான் அழுதுட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன்."

முழு ஆல்பத்தையும் ஏற்றிக் கொடுத்தேன். என்னுடையதை அவர் கண் முன்னாலேயே அழித்தேன். 'நிச்சயமாகவா?' என்று கணினி கேட்டது. இல்லை. இருந்தாலும் அழுத்தினேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

ஆல்பம் வெளியானது. 1:47. கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் "ஏறு!" என்கிறது. மூன்று தடவை கேட்டேன். நன்றாக இருக்கிறது. கதவை உதைத்துத் திறப்பது போல. முன்னால் ஒரு குரல் நின்றிருந்தால் அந்த உதை விழுந்திருக்காது.

அவள் சொன்னது சரிதான்.

மீட்டரில் அந்தக் கால் நொடியில் கிட்டார் மட்டும்தான். எனக்கு இன்னும் கேட்கிறது. அதை எந்தக் கருவியால் வெட்டுவார்கள் என்று தெரியவில்லை.

விமர்சனத்தின் மேல் மூன்று வரி சேர்த்தேன். காதுகாரி அக்டோபரில் இறந்துவிட்டார், அதற்குப் பிறகு எழுதியது அவர் கணவர், ஏமாற்றியதற்கு மன்னிக்கவும். ஆசிரியை அக்கா ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. "அடுத்த வாரம் ரெண்டு ஆல்பம் இருக்கு. உன் பேர்ல எழுது" என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் 13

காலையில் அத்தை போன். எடுத்தவுடன், "மாப்பிள்ளை, அந்த ஏழாவது பாட்டு."

"எந்த ஏழாவது பாட்டு?"

"அந்தப் பஸ் ஓட்டுற பொண்ணு பாடினதுதான். மத்த பாட்டுலெல்லாம் நிஜமாவே கோபம் வருது அதுக்கு. ஏழாவதுல வரல. கோபம் வந்த மாதிரி கத்துது. நீங்க அதை எழுதவே இல்லையே?"

பேப்பரைத் தள்ளிவிட்டு ஏழாவதைக் கேட்டேன். அளவெல்லாம் மற்றப் பாட்டுகளைப் போலத்தான். ஆனால் உண்மை. கோபம் இல்லை. ஒன்பது தடவை கேட்டும் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

திரும்பக் கூப்பிட்டு, "ஆமாம் அத்தை" என்றேன்.

"வேற ஏதாவது வந்திருக்கா?"

"ரெண்டு வந்திருக்கு."

"அனுப்புங்க. சத்தத்தைக் குறைக்கிறது எப்படின்னு மட்டும் சொல்லுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "இல்ல, வேண்டாம். அது எவ்வளவோ அவ்வளவு இருக்கட்டும்."

அனுப்பினேன். அரை மணி நேரத்தில் மறுபடி போன். வணக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. "முதல் பாட்டு தேவலை. ரெண்டாவது, வேற எவனையோ பார்த்துச் செஞ்சது. குறிச்சுக்கிட்டீங்களா?"

பேனாவைத் தேடினேன். குறித்துக்கொண்டேன்.