வாடகைப் பெரியப்பா

பிஷ்கெக்,
மே மாதம் பதினொன்று

அன்பு மகள் புருலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும், அவளுடைய முழங்கால் வலியும் என்னுடைய இருமலும், நால்வரும் இங்கே சுகம். அங்கே நீயும் உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற வோன்சிக் தம்பியும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைக்காதே, போனில் கொஞ்சம் சங்கடமான பேச்சு வந்தாலும் உடனே உனக்கு சிக்னல் போய்விடுகிறது, காகிதத்துக்கு அந்த வியாதி கிடையாது. மேல்வீட்டுப் பல் டாக்டரின் தங்கை அடுத்த வாரம் சியோலுக்கு வருகிறாள், அவள் கையில் இதையும் ஒரு பை உப்புத் தயிர் உருண்டையையும் கொடுத்தனுப்புகிறேன். உருண்டையை எல்லோருக்கும் தானம் பண்ணாமல் நீயும் நாலு தின்னு.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ அனுப்பிய செய்தியை உன் அம்மா மூன்று தரம் படித்தாள். டிக்கெட், விசா, அம்மாவின் முழங்கால், இத்தனை தொல்லை எதற்கு, இங்கே கல்யாண மண்டபத்துக்காரர்களே ஓர் அப்பா அம்மாவை மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு ஏற்பாடு செய்து தருகிறார்கள், படத்தில் பார்த்தேன், அந்த ஆள் கிட்டத்தட்ட உங்கள் உயரம்தான், நம் கல்பாக் தொப்பியை அனுப்பினால் போட்டுக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டார், என்று எழுதியிருந்தாய். நீயே சனிக்கிழமைகளில் கூலிக்கு மணப்பெண்ணின் தோழியாக நிற்கப் போகிறவள், இந்த வருஷம் மட்டும் பதினோரு பெண்களுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகச் சொன்னாய், அதனால் உனக்கு அது சாதாரண ஏற்பாடாகத் தெரிகிறது, புரிகிறது. உன் அம்மா போனைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து போய் மாவு பிசைந்தாள். நாற்பது பேர் சாப்பிடுகிற அளவுக்குப் பிசைந்தாள், வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

இங்கே நம் கட்டடத்தில் ஒரே ஒரு வேலை பார்க்கிறவர்கள் என்று இப்போது யாரும் கிடையாது. பல் டாக்டர் நாலு மணிக்கு மேல் டாக்ஸி ஓட்டுகிறார், சிவப்பு விளக்கில் நிற்கும்போது கண்ணாடி வழியாகப் பயணியின் பல்லைப் பார்த்துவிட்டு, கீழ் வரிசையில ரெண்டு போச்சே தம்பி, என்று தன் விலாசச் சீட்டை நீட்டுகிறாராம். எதிர்வீட்டுப் பேராசிரியர் பகலில் கல்லூரியில் ஒழுக்கவியல் சொல்லித்தருகிறார், மாலையில் அதே மாணவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஒழுக்கவியல் கட்டுரை எழுதிக்கொடுக்கிறார், மறுநாள் அவரே திருத்துகிறார். ஒரு கட்டுரையில் ஃபெயில் போட்டுவிட்டாராம், நேர்மைன்னு ஒண்ணு இருக்கில்ல என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். உன் அம்மா மற்றவர்களுக்காகக் கூலிக்கு வரிசையில் நிற்கிறாள். பாஸ்போர்ட் ஆபீஸ், ஆஸ்பத்திரி, எங்கே கூட்டமோ அங்கே மடக்கு நாற்காலியோடு போய்விடுகிறாள். ஒருமுறை யாருக்கோ இடம் பிடித்து நின்றவளை உள்ளே கூப்பிட்டு ஊசியும் போட்டு அனுப்பிவிட்டார்கள். என்ன ஊசி என்று இன்றுவரை தெரியாது, ஆனால் அதற்குப் பிறகு நன்றாகத் தூங்குகிறாள்.

நான் என்ன செய்கிறேன் என்று நீ கேட்டபோதெல்லாம் பூங்காவில் சதுரங்கம் ஆடுகிறேன் என்று சொன்னேன். அது பொய். முப்பத்தொரு வருஷம் மலைக்கணவாயில் வானிலை நிலையத்தில் உட்கார்ந்து குளிரை அளந்ததில் எனக்கு மிச்சம் ஒரு சின்னப் பென்ஷனும் இந்தப் பெரிய தாடியும்தான். தாடிக்கு வேலை கிடைத்தது. முதல் வாசல் ஷைலோ ஞாபகமிருக்கிறதா, தேர்தலன்று பிறந்தான் என்று தேர்தல் என்றே பெயர் வைத்தார்களே, வாக்குறுதி கொடுப்பதில் பெயருக்கு ஏற்ற பிள்ளை. ரொட்டிக் கடையில் என்னைப் பார்த்தவன் சந்தையில் குதிரையைப் பார்க்கிற மாதிரி ஒரு சுற்று சுற்றி வந்தான். தாத்தா, இந்தத் தாடிய வீட்டுல சும்மா வெச்சிருக்கீங்களே, பாவமில்லையா, என்றான். அவன் பெரியவர்களை வாடகைக்கு விடுகிறான். ஊர்த் தகப்பன்மார், சித்தப்பாமார் எல்லோரும் மாஸ்கோவிலும் கசானிலும் கட்டடம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், இங்கே பெண் பார்க்க, கடை திறக்க, புது வண்டிக்கு ஆசீர்வாதம் சொல்ல ஆளில்லை. உங்க வசதிப்படி நேரம் தாத்தா என்றான். அவன் எப்போது கூப்பிடுகிறானோ அதுதான் என் வசதி என்பது பிறகு புரிந்தது. வாடிக்கையாளர்கள் நட்சத்திரம் வேறு போடுகிறார்கள். ஒரே வாரத்தில் எதிரெதிரே இருக்கிற இரண்டு மருந்துக் கடைகளைச் செழிக்கட்டும் என்று வாழ்த்தினேன், அதிலிருந்து அந்தத் தெரு முழுக்க இருமல், என் இருமலும் அங்கே பிடித்ததுதான். இரண்டு கடைக்காரர்களும் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பாய். சியோலுக்கு டிக்கெட் எடுக்கத்தான் அம்மாடி, வேறு எதற்கு. உன் பக்கத்தில் நடந்து வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன், உன்னிடம் சொல்லவில்லை, நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்ற பயம். நான் சொல்வதற்கு முன்பே நீ சொல்லிவிட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள். எர்மெக் என்று ஒரு பையன், பகலில் ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான், மற்ற நேரம் போன் ரிப்பேர், நல்ல பிள்ளை. அப்பன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அம்மா சோனுன் தையல் மிஷினில் குனிந்தே நிமிராதவள். கோச்கோர் பக்கம் ஒரு கிராமத்துப் பெண்ணோடு பையனுக்குப் பேச்சு முடிந்து தோடு போட்டு நிச்சயம் செய்கிற நாள் வந்துவிட்டது, பெண்ணின் பெயர் பெர்மெத். ஆண் துணையில்லாமல் எப்படிப் போய் உட்காருவது என்று ஷைலோவிடம் வந்தார்கள். ஷைலோ என்னைப் பையனுக்குப் பெரியப்பாவாக நியமித்து, எர்மெக்கின் ஏழு தகப்பன்மார் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தான். ஏழு தலைமுறைக்குள் இரண்டு வீட்டிலும் ஒரே பெயர் வந்துவிட்டால் அண்ணன் தங்கை முறை, கல்யாணம் கிடையாது, உனக்கு அது சியோலில் மறந்துபோயிருக்கும் என்று எழுதுகிறேன். ஷைலோவும் கூட வந்தான், நான் வண்டியில் போகிற மூன்று மணி நேரமும் சீட்டை மனப்பாடம் செய்தேன். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

முழித்திருக்கும்போது கேட்டார்கள், அதுதான் தப்பாய்ப் போயிற்று. விரிப்பில் பலகாரம், நடுவில் என் முன்னால் வேகவைத்த ஆட்டுத்தலை, மரியாதைக்குரிய பெரியப்பா அல்லவா. சோனுன் பெண்ணின் ஒரு காதில் தோட்டைப் போட்டுவிட்டாள், மற்றத் தோடு விரலிடுக்கில் இருக்கிறது. பெண்ணின் தாத்தா தோக்தோசுன், காது மந்தம், வாய் மந்தமில்லை. சும்மா சம்பிரதாயத்துக்குத்தான், சம்பந்தி, உங்க ஏழு பேரைச் சொல்லுங்க கேப்போம், என்றார். நான் தாடியைத் தடவிக்கொண்டு தொடங்கினேன். மாம்பெத்தாலி, ஒஸ்மோன், துலேபெர்தி. நாலாவது பெயருக்குக் கிழவரின் உதடு அசைந்தது. ஐந்தாவதை என்னோடு சேர்ந்தே சொன்னார். ஆறாவதும் ஏழாவதும் அவரே சொல்லி முடித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் சொன்னது சீட்டில் இருந்த பெயர்கள் இல்லை, என் சொந்த அப்பனும் பாட்டனும். ஐந்து வயதில் வாயில் ஏற்றியது, கேள்வி வந்ததும் தானாக வந்துவிட்டது. பழக்கதோஷம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன், பழக்கம் மட்டும்தானா என்று எனக்கே தெரியவில்லை. இன்னொருத்தன் அப்பனை என் அப்பன் என்று சொல்ல வேண்டிய நேரத்தில் நாக்கு மறுத்துவிட்டது போலவும் இருக்கிறது.

பையன் வெளுத்துப்போனான். இதுங்க அண்ணன் தங்கச்சியா, என்று யாரோ ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள், பெர்மெத் ஒற்றைத் தோட்டோடு அழ ஆரம்பித்தாள், போட்ட தோட்டைக் கழற்றுவதா போடாததைப் போடுவதா என்று தெரியாமல் சோனுன் பெண்ணின் காதையே பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஷைலோ என் தொடையைக் கிள்ளி, தத்துப்பிள்ளைன்னு சொல்லுங்க தாத்தா, சின்ன வயசுல தத்து எடுத்தாங்கன்னு சொல்லுங்க, என்று காதில் ஊதினான். சொல்லியிருக்கலாம், நல்ல பொய்தான். உன் செய்தியை அம்மா ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள், அது என் கோட்டுப் பையில் இருந்தது, நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. எழுந்து நின்று சொல்லிவிட்டேன். ஐயா, நான் இந்தப் பையனுக்குப் பெரியப்பா இல்லை, ஒண்ணும் இல்லை, வாடகைக்கு வந்தவன், சொன்னது என் சொந்தப் பேருங்க, இந்தப் பிள்ளைங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. ஷைலோவுக்கு அந்த நிமிஷம் அவசரமாக ஒரு போன் வந்து வெளியே போய்விட்டான், மணியடித்ததை நாங்கள் யாரும் கேட்கவில்லை.

தோக்தோசுன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்துப் போக வேண்டியதுதான் என்று நினைத்தேன். வாடகையா, ஆளுக்கா மணிக்கா, என்று கேட்டார். மணிக்குத்தான் ஐயா, என்றேன். வெட்கக்கேடு, என்றார். பிறகு பையன் பக்கம் திரும்பி, ஏண்டா, பொண்ணு கேட்க வர்றவனுக்குத் தகப்பன் பேரைச் சொல்லக்கூட ஆள் வேணுமா, உன் வாய் எங்க போச்சு, சொல்லுடா, என்று அதட்டினார். எர்மெக் எழுந்தான். அவன் கையில் சீட்டு இல்லை. முதல் பெயர் அவன் அப்பனுடையது, விட்டுவிட்டுப் போனானே அவன் பெயர். நாலு வருஷமாக அந்தப் பெயரை அவன் வீட்டில் சொன்னதே இல்லை என்று சோனுன் பிறகு சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது, மற்ற ஆறும் கணீரென்று வந்தன. ஒரு பெயர்கூடப் பெண் வீட்டுப் பெயர்களோடு சேரவில்லை. சோனுன் அழுதுகொண்டே இரண்டாவது தோட்டைப் போட்டாள். எனக்கும் அழுகை வந்தது, இது வேலையில் சேராத அழுகை, யாரும் நட்சத்திரம் போடமுடியாது.

நான் நைசாக நழுவப் பார்த்தேன், கிழவர் விடவில்லை. எங்கடா போற, எங்க வம்சத்துக்காரன் எங்க வீட்டுலயே வாடகைக்கு உக்காந்திருக்கியா, இந்தப் பக்கம் வா, என்று கையைப் பிடித்து இழுத்துப் பெண் வீட்டு வரிசையில் உட்காரவைத்தார். ஆட்டுத்தலையும் என்னோடு இடம் மாறியது. பிறகு மாப்பிள்ளை வீடு கொடுக்கவேண்டிய பரிசப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காகக் குறைத்துப் பேசத்தான் ஷைலோ எனக்கு ஒத்திகை கொடுத்திருந்தான். அவன் போன் பேசி முடித்து உள்ளே வரும்போது, எங்க பொண்ணுக்கு ஒரு குதிரை போதாது என்று நான் எதிர்ப்பக்கத்திலிருந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வருகிற வழியெல்லாம் அவன் என்னோடு பேசவில்லை. சொந்தக்காரன் கூலி கேட்க முடியுமா, அதுவும் போயிற்று, பெர்மெத்துக்கு முறைக்கு என் புது அங்கியையும் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் ஷைலோவின் பட்டியலில் என் படம் இல்லை.

உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், உள்ளே போய் மாவு டப்பாவிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து வந்து வைத்தாள். முழங்கால் வைத்தியத்துக்கு என்று என்னிடம் சொல்லிவிட்டு வரிசை வரிசையாக நின்றது இதற்குத்தானாம். அந்தக் காசையும் என் வாடகைக் காசையும் சேர்த்தால் இரண்டு பேரும் வந்துபோகத் தேறும், ஆகவே நீ காசு அனுப்புகிறேன் என்று தொடங்காதே, அந்த எர்மெக் மாதிரி மழையில் ஸ்கூட்டரில் ஏறி இன்னொரு வேலை பிடிக்காதே. குறைவது ஒன்றுதான், உன் அழைப்புக் கடிதம். அது இல்லாமல் தூதரகத்தில் எங்கள் காகிதத்தைக் கையால்கூடத் தொடமாட்டார்கள், உன் அம்மா அங்கே வரிசையில் நின்று விசாரித்துவிட்டாள்.

கோபித்துக்கொண்டு எழுதவில்லை. எங்கள் பழைய கோட்டையும் என் இருமலையும் அந்தப் பளபளப்பான மண்டபத்தில் கொண்டுவந்து நிறுத்த உனக்குக் கூச்சமாக இருந்தால் அதையும் நேராகச் சொல், இரண்டு நாள் வருத்தப்படுவேன், பிறகு உன்னை வாழ்த்திக்கொண்டு இங்கேயே இருப்பேன். கூச்சமில்லை, எங்கள் சிரமத்தை நினைத்துத்தான் என்றால், நாங்கள் கிளம்பிவிட்டோம் என்று வைத்துக்கொள். தொப்பியை அனுப்பமாட்டேன், தலையில் போட்டுக்கொண்டு வருகிறேன். அந்த உயரமான மனிதரை வேண்டாம் என்று அனுப்பிவிடாதே, பாவம், அந்த ஒருநாள் வேலையை நம்பியிருப்பார், எனக்கு அந்தக் கஷ்டம் தெரியும். அவரை நம் பக்கத்து வரிசையில் உட்காரவைத்து வயிறாரச் சாப்பாடு போடு, ஐந்து நட்சத்திரமும் போடு. உன்னோடு நடப்பது மட்டும் நான்.

நீயும் வோன்சிக் தம்பியும் நீண்ட காலம் ஒரே விரிப்பில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், உங்கள் வீட்டுக்கு எப்போதும் சொந்த மனிதர்கள் வந்துபோய்க்கொண்டிருக்க வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் கையேந்தி வாழ்த்துகிறோம். இந்த ஆசீர்வாதத்துக்குக் கூலி கிடையாது. மறக்காமல் அழைப்புக் கடிதத்தை அனுப்பு, அதில் என்ன உறவு என்று கேட்கிற இடத்தைக் காலியாக விட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் ஏழு பேரில் முதல் பேர்,
ஷார்ஷென்