வானொலி விழுங்கிய கேள்வி

மச்சான்,

நேற்று சிதம்பரத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் அலமாரியில் குடையைத் தேடினேன். கையில் அகப்பட்டது உன் சிற்றலை வானொலி. தோலுறையைத் திறந்ததும் பேட்டரி கசிந்த பழைய வாடை. நீ கண்ணை மூடிய பிறகு உன் வீட்டில் எனக்கென்று எடுத்துக் கொடுத்தது.

நாம் இருவரும் சிதம்பரத்தில் அரசியல் அறிவியல் ஆய்வு செய்த காலம். ஞாயிறு மாலைகளில் உன் கடலூர் வீட்டு முருங்கைமரத்தில் ஏரியல் கம்பியைக் கட்டி, வெளிநாட்டு அரசு ஒன்றின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்போம். கேட்டதை எழுதி அனுப்பினால் காலண்டர் அனுப்புவார்கள். நேயர் நேரத்தில் கடிதத்தையும் வாசிப்பார்கள். உன் அம்மா அந்தக் காலண்டரை மாதா படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வேற நாட்டு கவர்மெண்ட் காசுல நமக்கு நியூஸ் சொல்றான். இதுல நெஜம் எங்கடா இருக்கும்? தடை பண்ணணும்" என்பேன்.

ஒருமுறை நீ எழுதினாய்: நிகழ்ச்சி அருமை, உங்கள் நாட்டில் நடக்கும் போராட்டத்தைப் பற்றி ஏன் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை? உன் பெயரைச் சொல்லிப் பாராட்டை மட்டும் இழுத்து இழுத்து வாசித்துவிட்டு, அடுத்த நேயருக்குப் போய்விட்டார்கள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"பாத்தியா மச்சான், கேள்விய மட்டும் முழுங்கிட்டானுங்க! தடை பண்ணியிருந்தா இவனுங்க லட்சணம் தெரிஞ்சிருக்குமா?"

"எழுதுனவன் நீ, உனக்குத் தெரியும். கேட்டுக்கிட்டிருந்த மத்தவங்களுக்கு?"

பதிலுக்கு ஒரு பலாச்சுளையை என் வாயில் திணித்தாய். அதற்கப்புறம் எத்தனை கருத்தரங்குகளில் இதே சண்டை! என் பேச்சு முடியும் முன்பே நீ கையைத் தூக்கிவிடுவாய்.

நேற்று சிதம்பரக் கருத்தரங்கிலும் அதே தலைப்புதான். வெளிநாட்டுப் பிரசாரம் வர, வானொலி இருந்த இடத்தில் இப்போது கைபேசி. தடை வேண்டும் என்றுதான் நானும் எழுதிக்கொண்டு போனேன். எனக்கு முன் பேசிய எல்லோரும் அதையே சொன்னார்கள், ஒருவர்கூட மறுக்கவில்லை. நீ இல்லாதது அப்போதுதான் உறைத்தது. ஏனோ கோபம் வந்தது. தாளை மடித்து வைத்துவிட்டு, விழுங்கப்பட்ட கேள்வியின் கதையைச் சொன்னேன். உன் கட்சியை, உன்னைப் போலவே கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன்.

ஓர் ஆய்வு மாணவி எழுந்தாள். "சார், எழுதுனவருக்குத் தெரிஞ்சிது, சரி. கேட்ட மத்தவங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

என் கேள்வி, மச்சான். வாயில் திணிக்க அங்கே பலாச்சுளையும் இல்லை.

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றேன். வீடு திரும்பும் பேருந்தில், கடலூர் வரும்வரை உனக்காக ஒரு பதிலை யோசித்துக்கொண்டே வந்தேன்.