மறுநாள் பரிசோதிக்கக் கோருதல்

அனுப்புநர்:
இரண்டாம் பணிமனை ஓட்டுநரின் மனைவி,
ஜெராக்ஸ் கடைத் தட்டச்சாளர்,
பணிமனைக் குடியிருப்பு, கீழ்த்தளம்,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு.

பெறுநர்:
உயர்திரு பொது மேலாளர் அவர்கள்,
பேருந்துப் போக்குவரத்து நிறுவனம்,
தலைமை அலுவலகம்.

பொருள்: கொரோனாவுக்குப் பின் நீடிக்கும் உடல்நலக் குறைவு – என் கணவர் வண்டி ஓட்டத் தகுதியானவர் என மருத்துவக் குழு அளித்த சான்று – வரும் திங்கள் முதல் பேருந்து ஓட்டும்படி இட்ட உத்தரவை நிறுத்திவைத்து, சோதனைக்கு மறுநாளும் அவரைப் பரிசோதிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த இடத்தில் "பணிவுடன் சமர்ப்பித்துக்கொள்வது யாதெனில்" என்று வர வேண்டும். வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். திங்கட்கிழமைக்கு அதிக நேரமில்லை.

1. மேற்படி ஓட்டுநரைப் பெயர் சொல்லி விசாரித்தால் பணிமனையில் யோசிப்பார்கள். "பிரேக் அண்ணன்" என்றால் வாசல் காவலாளி முதல் மெக்கானிக் வரை கை காட்டுவார்கள். அவர் வண்டியில் நின்றுகொண்டு வருபவர்கூடக் கம்பியைப் பிடிக்க வேண்டாம், அவ்வளவு பதமாக நிறுத்துவார் என்பதால் வந்த பெயர். நான் அவர் மனைவி. தங்கள் அலுவலகத்தின் பின்தெரு ஜெராக்ஸ் கடையில் மனுக்களைத் தட்டச்சு செய்கிறேன். தங்களுக்கு வரும் மனுக்களில் பாதி என் விரல் வழியாக வந்தவைதான். தகுதியானவர் என்று சொல்லுங்கள் எனக் கெஞ்சும் மனுக்கள் எத்தனையோ அடித்துக் கொடுத்திருக்கிறேன். தகுதியில்லை என்று சொல்லுங்கள் எனக் கேட்டு ஒரு மனைவி எழுதுவதை இன்றுதான் முதல்முதலாக அடிக்கிறேன்.

2. தடுப்பூசி வந்த புதிதில், நம் நிறுவனம் சில பேருந்துகளின் இருக்கைகளைக் கழற்றி, ஊசி போடும் வண்டிகளாக மாற்றியது தாங்கள் அறிந்ததே. அவற்றில் ஒன்றை என் கணவர் ஓட்டினார். ஆலை வாசல், சந்தை, அடுக்குமாடி வீடுகள் என்று எல்லா இடத்துக்கும் அந்த வண்டி போனது. மருந்துப் புட்டியை ஒருமுறை திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் அதிலுள்ள அத்தனை ஊசியையும் போட்டுவிட வேண்டுமாம். மிஞ்சினால் கொட்டத்தான் வேண்டும். சாயங்காலம் வண்டி திரும்பும்போது ஒன்றிரண்டு மிஞ்சும். ஓட்டுநர்களின் முறை அப்போது இன்னும் வரவில்லை என்றாலும், வீணாகப் போவதைப் போட்டுக்கொள்ளத் தடை ஏதும் இல்லை. "அண்ணே, இன்னைக்காவது நீங்க போட்டுக்கங்க" என்று அந்த வண்டியின் செவிலியர் தினமும் சொல்லியிருக்கிறார். இவர் என்ன செய்வார் தெரியுமா? வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டே, தெருவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிடுவார். காய்கறி வண்டிக்காரரோ லிஃப்ட் ரிப்பேர் பண்ணிவிட்டு வருகிறவரோ, யாராவது ஒருவர் ஏறி அந்தக் கடைசி ஊசியைப் போட்டுக்கொண்டு இறங்குவார். வீட்டுக்கு வந்து இவர் அதைப் பெருமையாகச் சொல்வார். "நான் எங்க போயிடப் போறேன், நாளைக்குப் போட்டுக்கலாம்" என்பார். இந்தத் தாராள மனதுக்குப் பாராட்டுச் சான்றிதழ் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

3. அவர் சொன்ன அந்த "நாளைக்கு" வருவதற்கு முன்னால் காய்ச்சல் வந்துவிட்டது. ஆக்சிஜன் வைக்கும் அளவுக்குப் போகவில்லை. உள்ளறையில் தனியாகக் கிடந்து எழுந்தார். எழுந்தார் என்று எழுதுவது சரியா என்று தெரியவில்லை. காய்ச்சல் போனது, இருமல் போனது, இவர் மட்டும் திரும்பி வரவில்லை. ஒரு நாள் நன்றாக இருப்பார். பழைய ஆள் வந்துவிட்டார் என்று நாங்கள் சந்தோஷப்படுவோம். அன்று மாடிக்குப் போய்த் துணி காயப்போடுவார், சைக்கிளுக்கு எண்ணெய் விடுவார், சிரிப்பார். மறுநாள் பல் தேய்க்கக் கையைத் தூக்க முடியாது. பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை நின்றுபோகும். படுத்தால் தூக்கமும் இல்லை, எழுந்தால் தெம்பும் இல்லை. "அப்பா இன்னைக்கு உள்ள பலத்தையும் நேத்தே செலவு பண்ணிட்டாரு" என்று எங்கள் மகள் முதலில் விளையாட்டாகச் சொன்னாள். இப்போது அவள் அதைச் சொல்வதில்லை.

4. தடுப்பூசி பற்றி ஒரு விளக்கம். பக்கத்து வீட்டு அக்கா, எல்லாம் அந்த ஊசியால் வந்த வினை என்கிறார். நோய் முதலில் வந்தது, ஊசி பிறகுதான் போட்டோம் என்று அவருக்குச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. மருத்துவக் குழுவோ, "தடுப்பூசிகள் அனைத்தும் செலுத்திக்கொண்டவர்" என்று எழுதி, அதையே குணமானதற்குச் சாட்சியாக வைக்கிறது. ஐயா, ஊசிமேல் எனக்கு எந்த வழக்கும் இல்லை. நானும் மகளும் முறையாகப் போட்டுக்கொண்டோம். பின்னால் எங்களுக்கும் கொரோனா வந்து, சளிக்காய்ச்சல் போலப் போய்விட்டது. இவருக்கு முன்பே போட்டிருந்தால் இத்தனை தூரம் வந்திருக்காது என்றுதான் அடித்துக்கொள்கிறேன். ஆனால் நோய் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு போட்ட ஊசியைக் காட்டி, உள்ளே யாரும் இல்லை என்று சொன்னால் எப்படி?

இதற்கு மேல் எண் போட்டு எழுத எனக்குப் பொறுமை இல்லை. கடையில் ஒருவர் ரேஷன் அட்டையை நகலெடுக்க நிற்கிறார், முதலாளி என்னையே பார்க்கிறார். மன்னிக்கவும்.

விடுப்பெல்லாம் தீர்ந்த பிறகு மருத்துவக் குழு முன் வரச் சொல்லி ஆணை வந்தது. எங்கள் வீட்டில் டாக்டரிடம் போவதென்றால் கல்யாணத்துக்குப் போகிற மாதிரிதான். முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் அடித்துத்தான் இவர் கிளம்புவார். நோயாளி மாதிரி போய் நின்றால் டாக்டருக்கு மரியாதை இல்லை என்பது இவருடைய சட்டம். நானும் மகளும் எங்கள் பங்குக்கு, அதற்கு முந்தைய வாரம் முழுக்க இவரைக் கட்டிலை விட்டு இறங்கவே விடவில்லை. தண்ணீர் டம்ளரைக்கூடக் கையில் கொடுத்தோம். அங்கே போய் மயங்கி விழுந்து மானம் போய்விடக் கூடாதே என்ற பயம். அப்படிச் சேர்த்துவைத்த பலத்தை எல்லாம் கொண்டுபோய் அந்த ஒரு முற்பகலில் கொட்டிவிட்டு வந்தார்.

டாக்டர் அம்மா நல்லவர், அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். "எப்படி இருக்கீங்க?" என்று அன்பாகத்தான் கேட்டார். இவர் விறைப்பாக நின்று, "ரொம்ப நல்லா இருக்கேன் மேடம்" என்றார். காய்ச்சலில் கிடந்தபோது பணிமனையிலிருந்து போன் வந்தாலும் இதே பதில்தான். மேலதிகாரிகளிடம் வேறு பதில் சொல்லி இவருக்குப் பழக்கம் இல்லை. நான் குறுக்கே பேசினேன். "அவங்களே சொல்றாங்களே அம்மா" என்று டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொன்னார். மாடிப்படி ஏறச் சொன்னார்கள், ஏறினார். நாடி பார்த்தார்கள், நன்றாக இருந்தது. நெஞ்சுப் படம் தெளிவாக இருந்தது. கண் பரிசோதனையில் கடைசி வரி வரை வாசித்தார். இத்தனையும் உண்மை. சான்றில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

அவர்கள் பார்க்காததைச் சொல்கிறேன். வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் கால் மடங்கியது. உடன் வந்த நடத்துநர் தம்பிதான் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுவந்தார். இவரோடு ஒரே வண்டியில் வருடக்கணக்கில் ஓடியவர், பணிமனையில் "விசில்" என்பார்கள், தாங்கள் அழைத்து விசாரிக்கலாம். பாலிஷ் அடித்த ஷூவோடு அப்படியே கட்டிலில் விழுந்தார். மறுநாள் விழித்தார், எழவில்லை. நான் ஊட்டிவிட்டேன். அதற்கும் அடுத்த நாள் பிடிவாதமாக என்னோடு மருந்துக் கடைக்கு வந்தார். திரும்பும்போது முனையில் நடப்போருக்கான விளக்கு சிவப்பாக இருந்தது. எல்லோரும் நின்றோம். இவர் இறங்கி நடந்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், முன்னால் ஒரு லாரி போனது. இவர் பதறவும் இல்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல, "சிவப்புன்னு தெரிஞ்சுது. அதுக்கு என்ன பண்ணணும்னு வரத்தான் கொஞ்சம் நேரமாச்சு" என்றார்.

அந்த நொடியிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சமைக்கிறேன், தட்டச்சு செய்கிறேன், எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த "கொஞ்சம் நேரம்" ஓடிக்கொண்டே இருக்கிறது. திங்கட்கிழமை இவருக்கு ஒதுக்கியிருப்பது பள்ளிக்கூட வழித்தடம். காலையில் பிள்ளைகள் படிக்கட்டு வரை நிற்பார்கள். முதல் நாள் இவர் அருமையாக ஓட்டுவார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செவ்வாய்க்கிழமைதான் எனக்குப் பயம். பிரேக் அண்ணன் வண்டி என்று நம்பி, அந்தப் பிள்ளைகள் கம்பியைப் பிடிக்காமல் நிற்பார்கள் ஐயா.

எனவே கேட்பது இதுதான். திங்கட்கிழமை உத்தரவை நிறுத்திவையுங்கள். மருத்துவக் குழு அவரை மறுபடி அழைக்கட்டும். அதற்கு முன் நான் அவரைப் படுக்கவைக்க மாட்டேன், சட்டைக்கு இஸ்திரியும் போட மாட்டேன். படி ஏறச் சொல்லுங்கள், ஓடச் சொல்லுங்கள், கணக்குப் போடச் சொல்லுங்கள். அன்று எதுவும் எழுதாதீர்கள். மறுநாள் எங்கள் வீட்டுக்கு ஒரு டாக்டரை அனுப்புங்கள். கட்டிலுக்கு அருகில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். அவர் தானாக எழுந்து, ஷூ நாடாவைக் கட்டி, டாக்டரை வாசல் வரை கொண்டுவந்து விட்டால், நானே அவரை வண்டியில் ஏற்றிவிட்டு முதல் இருக்கையில் உட்கார்ந்து வருகிறேன். முடியவில்லை என்றால், உடல் தேறும்வரை நேரக் காப்பாளர் அறையிலோ பயணச்சீட்டு கொடுக்கும் இடத்திலோ மாற்றுப் பணி கொடுங்கள். உட்கார்ந்து செய்கிற வேலையாக, முடியாத நாளில் வீட்டுக்கு அனுப்புகிற வேலையாக இருந்தால் போதும். அவரைப் போல இன்னும் யார் யார் "ரொம்ப நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வண்டி ஓட்டுகிறார்கள் என்பதையும் தயவுசெய்து விசாரியுங்கள்.

இந்த மனு அவருக்குத் தெரியாது. அனுப்பிய பிறகு சொல்லிவிடுவேன். சண்டை வரும். சண்டை போடத் தெம்புள்ள நாளாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று. இதோடு சேர்ந்து, அதே ஓட்டுநரிடமிருந்து இன்னொரு மனுவும் தங்கள் மேசைக்கு வரும். தான் பூரண குணமடைந்துவிட்டதாகவும், வேறு வேலை எதுவும் வேண்டாம், திங்கள் முதல் வண்டியே வேண்டும் எனவும் அதில் இருக்கும். அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன். நேற்று அவர் கடைக்கு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் அடித்தேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஆனால் அதில் "மீண்டும் ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஆவலாக உள்ளேன்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியில் அவர் நின்றுவிட்டார். அந்தச் சொல் வரவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, காற்றில் வட்டமாகப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ஸ்டீயரிங்" என்ற சொல்லை நான்தான் போட்டேன்.

அந்த மனுவைப் படிக்கும்போது இதையும் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திங்கட்கிழமைக்கு முன் பதிலை எதிர்பார்க்கும்,
ஓட்டுநரின் மனைவி
(கையொப்பம்)

இடம்: ஜெராக்ஸ் கடை, பின்பக்க மேசை
நாள்: வெள்ளிக்கிழமை, கடை மூடுவதற்கு முன்