கிணற்றுச் சுவரில் வைத்த கை

உன் கல் இன்று காலை இடம் மாறிவிட்டது.

திருக்கோகர்ணத்து வீட்டில், கூடத்துக் கதவு காற்றுக்கு அடித்துக்கொள்ளாமலிருக்க நான் முட்டுக்கொடுத்து வைத்திருக்கும் கல்லைச் சொல்கிறேன். பார்வைக்கு அது மரக்கட்டை. பட்டையும் ரேகையும் அப்படியே இருக்கும். தூக்கினால்தான் கல்லென்று தெரியும். அந்தக் கல்மரத் துண்டை என் பணிநிறைவு நாளில் கொண்டுவந்து தந்து, கண்ணாடி அலமாரியில் வைக்கச் சொன்னாய். "வயசு எனக்குத் தெரியும். என்ன மரம்னுதான் தெரியல. அதுக்கு பாட்டனி படிச்சவங்க வேணும்," என்றாய். என் வீட்டில் கண்ணாடி அலமாரி இல்லை. ஆடுகிற கதவு இருந்தது. அடுத்த முறை வந்தபோது அதைக் கதவடியில் பார்த்துக் கோபித்துக்கொள்வாய் என்று காத்திருந்தேன். நீயோ, "மரமா நின்னு, மண்ணுக்குள்ள போயி, கல்லாகி, இத்தனை கோடி வருஷம் காத்துக் கெடந்தது ஒன் கதவுக்குத்தான் போலருக்கு," என்று சொல்லிவிட்டுக் காப்பி கேட்டாய்.

இன்று அதைத் தூக்கியவள் மாடியில் குடியிருக்கும் தேன்மொழி. பிளஸ் டூ முடித்திருக்கிறாள். தேர்வு முடிவு வெளியாகிவிட்டால் இந்தத் தெருவுக்கு என் நினைவு வந்துவிடும். ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியை என்றால், எந்தப் படிப்புக்கு எந்த வேலை என்று பஞ்சாங்கம்போல் ஒப்பிப்பாள் என்று ஒரு நம்பிக்கை. ஆண்டுதோறும் அந்த நம்பிக்கையைக் கெடுக்க முயல்கிறேன், ஆண்டுதோறும் வருகிறார்கள்.

தேன்மொழியின் அம்மா கையில் அலைபேசியைக் கண்ணாடிபோல் நிமிர்த்திப் பிடித்திருந்தாள். அதற்குள் துபாயிலிருந்து பெண்ணின் அப்பா.

"மேடம், இவ அப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் போடணுங்கிறாங்க. இவ பாட்டனிங்கிறா. நீங்களே சொல்லுங்க, செடி கொடியப் படிச்சா யாரு வேலை குடுப்பா?"

அலைபேசிக்குள்ளிருந்த மனிதர், "கம்ப்யூட்டருக்கும் இப்ப வேலை கொறஞ்சுகிட்டு வருதுன்னு இங்க பேசிக்கிறாங்க மேடம். இருந்தாலும் பாட்டனிக்கு அது தேவலைதானங்க?" என்றார்.

அந்தப் பெண் இரண்டையும் காதில் வாங்கவில்லை. குனிந்து கல்லை எடுத்தாள், கனம் தாங்காமல் மறுகையையும் கொடுத்தாள். "மேடம், இது மரமா, கல்லா?" என்றாள்.

நீ வீட்டுக்குள் வந்துவிட்டாய் என்று சொல்ல மாட்டேன். அப்படியெல்லாம் எழுதினால் நீயே சிரிப்பாய். ஆனால் அந்தத் தாய் கேட்ட கேள்வியை, செடிக்குப் பதில் கல்லை வைத்து, ஒருகாலத்தில் உன்னிடம் கேட்டவள் நான்.

நாம் புதுக்கோட்டையில் பி.யு.சி. முடித்த கோடை அது. பட்டப்படிப்பை நான் வீடு பார்ப்பதுபோல் பார்த்தேன். கணிதம் படித்தால் கல்லூரியில் வேலை, தவறினால் பள்ளியில், அதுவும் தவறினால் வங்கித் தேர்வு. எந்தப் பக்கம் தீப்பிடித்தாலும் இன்னொரு வாசல் வழியே வெளியேறலாம். நீ கேட்ட நிலவியலுக்கு எனக்குத் தெரிந்து ஒரு சன்னல்கூடக் கிடையாது.

"கல்லைப் படிச்சா யாருடி வேலை குடுப்பா? சுரங்கத்துக்காரன் பொம்பளைய எறக்குவானா?"

"எறக்க மாட்டான்."

"அரசாங்கத்துல எடுப்பானா?"

"இப்போதைக்கு எடுக்க மாட்டான்னுதான் நெனைக்கிறேன்."

அதுதான் எனக்கு எரிச்சலூட்டியது. நான் அடுக்கிய ஒவ்வொன்றையும் ஒப்புக்கொண்டாய். நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. அப்புறம் எதற்கு என்று கேட்டேன். "கணக்கு எனக்குப் புரியுதுடி. கல்லு புரியல. புரிஞ்சதையே மூணு வருஷம் என்னத்தப் படிக்க?" என்றாய். வகுப்பில் கணிதத்தில் முதலிடம் உனக்கு, இரண்டாமிடம் எனக்கு. அந்தப் பதில் என் காதில் எப்படி விழும் என்று நீ நினைத்துப் பார்க்கவே இல்லை.

உன் வீட்டில் பேச்சு முற்றியது. நிலவியல் என்றால் திருச்சி, விடுதி, ஆண்பிள்ளைகள் நிறைந்த வகுப்பு. உன் அப்பா வல்லத்திராக்கோட்டைக்காரர். ஊர் என்ன சொல்லும் என்பதை ஊர் சொல்வதற்கு முன்பே கேட்டுவிடுபவர். உன் அம்மா திருவரங்குளத்துப் பக்கம். அதிகம் பேச மாட்டார், "பிள்ள ஆசப்படுதுல்லங்க," என்பதோடு நிறுத்திக்கொள்வார். கடைசியில், பிள்ளையைத் திருச்சிக்கு அனுப்பலாமா என்று அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வேண்டாம் என்று வந்தால் என்னோடு உள்ளூரில் கணிதம், அது முடிவதற்குள் மாப்பிள்ளை. இரண்டையும் உன் அப்பா மனத்தில் எழுதி வைத்திருந்தார்.

வாழையிலைத் துண்டில் வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். நாரால் கட்டி அம்மன் காலடியில் போட்டு, சூடம் காட்டி, பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்ணை எடுக்கச் சொன்னார்கள். என் கையை நீ பிடித்திருந்தாய். சித்திரை வெயிலில் உன் கை சில்லென்றிருந்தது. உனக்கும் பயம் வரும் என்று அன்றுதான் அறிந்தேன்.

பூசாரி பிரித்தார். சிவப்பு.

உன் அம்மா கைகூப்பி, "உத்தரவு கெடச்சிருச்சு," என்றார். அதே மூச்சில் உன் அப்பா, "வேண்டாம்னு சொல்லிருச்சு, விடு தாயி," என்றார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்பா பக்கத்தில் வெள்ளைதான் சம்மதம். அம்மா பக்கத்தில் சிவப்பு. இரண்டு ஊருக்கும் இடையில் சைக்கிளில் போய்வரும் தூரம். அதற்குள் தெய்வத்தின் சம்மதத்துக்கு இரண்டு நிறம். எந்தப் பூ எதற்கு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. உலகத்துக்கே தெரிந்ததை எதற்குச் சொல்வது என்று அவரவர் இருந்துவிட்டார்கள்.

"எங்க பாட்டன் காலத்துலேருந்து வெள்ளைதான்," என்றார் அப்பா.

"எங்க ஊர்ல வெள்ளை வந்தா அந்தக் காரியத்தையே விட்டுருவோங்க," என்றார் அம்மா.

உன் தாய்மாமன் தூணில் சாய்ந்தபடி, "அப்ப ஒங்க கல்யாணத்துக்குப் பூக் கேட்டப்ப என்ன வந்துச்சு மச்சான்?" என்றார்.

"வெள்ளை."

"எங்க பக்கம் கேட்டப்பவும் வெள்ளைதான் வந்துச்சு. எங்கய்யா வெளியில சொல்லாம விட்டுட்டாரு போல."

அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். மறுபடி கேட்டுப் பார்க்கலாமா என்று அப்பா பூசாரியிடம் கேட்க, "மறுக்காக் கேட்டா ஆத்தா கோவிச்சுக்கும். பூவக் கட்டுறதோட என் சோலி முடிஞ்சுதுங்க," என்று அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அப்போதுதான் என் கையை விட்டாய். குரலை உயர்த்தவில்லை. "அப்பாவுக்கு ஆத்தா வேண்டாம்னு சொல்லியிருக்கு. அம்மாவுக்குச் சரின்னு சொல்லியிருக்கு. ரெண்டும் ஆத்தா சொன்னதுதான். அப்படின்னா என்கிட்ட விட்டுருச்சு. நான் போறேன்பா."

வியப்பு எனக்கு எளிதில் வருவதில்லை. கணிதம் அதை ஓரளவு பக்குவப்படுத்திவிடும். ஆனால் அன்று கோயில் வாசலில் அது வந்தது. தெய்வத்தை நீ மறுக்கவில்லை, அப்பாவை எதிர்க்கவில்லை, அம்மாவைத் தனியே நிற்க விடவில்லை. இருந்த எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, அவற்றின் நடுவே உனக்கென்று ஒரு வழியைக் கண்டெடுத்தாய். அந்தத் தருக்கத்தில் எங்கேனும் ஓட்டை இருக்கிறதா என்று வீடுவரை தேடிக்கொண்டே வந்தேன். இல்லை. உன் அப்பாவும் தேடியிருக்க வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "விடுதிச் சாப்பாடு ஒனக்கு ஒத்துக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

உனக்குப் புகழ்மாலை கட்டுவதாக நினைத்துவிடாதே. நான் சொன்னபடிதான் நடந்தது. நீ பட்டம் வாங்கியபின் வேலை கிடைக்கவில்லை. நேர்முகத் தேர்வுகளில், காட்டுக்கும் மேட்டுக்கும் பெண் எப்படிப் போவாள் என்று கேட்டார்கள், போன இடங்களையெல்லாம் நீ சொன்னாய், திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆவூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் நடத்தினாய். நான் கல்லூரியில் நிரந்தரமாகி, சொந்தமாக வீடும் கட்டிக்கொண்டிருந்தபோது, நீ விடுமுறை நாட்களில் பாறைகளைத் தட்டிக்கொண்டு திரிந்தாய். அரசின் நிலத்தடி நீர் ஆய்வுப் பிரிவில் இடம் கிடைத்தபோது உன் காதோரம் நரைத்திருந்தது. ஆக, என் கணக்கு சரி. அதில் இன்றும் நான் மாற்றம் செய்ய மாட்டேன்.

ஆனால் அந்தக் கிணறு இருக்கிறதே.

நீ அந்த வேலைக்குப் போன புதிதில் ஒருநாள் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டாய். திருவரங்குளம் தாண்டி ஒரு விவசாயி கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். ஏணியில் நீ முதலில் இறங்கினாய். என்னையும் இறங்கச் சொன்னாய். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உன்னைத் திட்டிக்கொண்டே இறங்கினேன். சுவரின் மேல்பாதி செம்மண்ணும் கூழாங்கற்களும், கீழ்ப்பாதி பாறை. இரண்டும் சேரும் கோட்டில் என் கையை எடுத்து வைத்தாய். கட்டைவிரல் மண்ணில், சுண்டுவிரல் பாறையில்.

"மேல இருக்கிறது ஆறு கொண்டாந்து போட்டது. கீழ இருக்கிறது இந்தப் பூமி சின்னப் புள்ளையா இருந்தப்ப உள்ளது. ரெண்டுக்கும் நடுவுல நூறு கோடி வருஷத்துக்கு மேல காணோம்."

"காணோம்னா?"

"என்னென்ன இருந்துச்சோ, மழையும் காத்தும் தின்னுருச்சு. மலையே இருந்திருக்கலாம். மிச்சம் இந்தக் கோடுதான். ஒன் கை இப்ப அதுமேல இருக்கு. நாம வந்த ரோட்டுக்கு அங்கிட்டு மணல், இங்கிட்டுப் பாறை. நம்ம ரெண்டு பேரும் இந்த வரப்புலதான் பொறந்து வளந்திருக்கோம்."

முடிவிலியைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! படுத்த எட்டு. எழுதுவேன், மணி அடித்ததும் அழிப்பேன். அது என்னை ஒருமுறைகூட அச்சுறுத்தியதில்லை. அந்தக் கிணற்றில், குளிர்ந்து ஈரம் கசிந்த ஒரு கோட்டில், முதன்முதலாக ஓர் எண் என்னைத் தொட்டது. மறுகையால் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். ஏணி சரியில்லை என்றேன். நீ நம்பியதுபோல் தலையாட்டினாய்.

மேலேயிருந்து விவசாயி எட்டிப் பார்த்தார். "மேடம், தண்ணி இருக்குங்களா?"

"பாறை மேலயே ஊத்து கசியுதுங்க. இன்னும் ஆழம் வேணாம். அகலப்படுத்துங்க."

"கூட வந்தவங்க யாருங்க?"

"கணக்கு வாத்தியாரம்மா."

அவர் கொஞ்சம் யோசித்து, "கணக்குப் பாக்க எதுக்குங்க கெணத்துக்குள்ள எறங்கணும்?" என்றார். நீ சிரித்த சிரிப்பு சுவரில் மோதிச் சுற்றியது. நான் கையை எடுக்கவில்லை.

நீ போன பிறகு ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. நெஞ்சுவலி என்று காலையில் கூட்டிப்போனார்கள்; மதியம் எனக்குச் செய்தி வந்தது. அதைப்பற்றி இதற்குமேல் எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

இன்று காலைக்கு வருகிறேன். தேன்மொழியின் அம்மா, "எதுக்கும் நாளைக்குக் கோயில்ல பூப்போட்டுப் பாத்துரலாம்னு இருக்கோம் மேடம்," என்றாள்.

"எந்தப் பூ வந்தால் சம்மதம்?" என்று கேட்டேன்.

"வெள்ளைதான் மேடம்."

துபாயிலிருந்து குரல் வந்தது: "எங்க வீட்டுல எப்பவும் செவப்புதானே?"

நான் சிரித்துவிட்டேன். நான் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை. தாயும் மகளும் திகைத்துப்போனார்கள். 'ரெண்டும் ஆத்தா சொன்னதுதான்' என்ற உன் வாக்கியம் என் நாக்கின் நுனிவரை வந்தது. சொல்லவில்லை. உனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

தேன்மொழி கல்லை மடியில் வைத்துக்கொண்டாள். "சாமிகிட்ட கேக்குறதுக்கு முன்னாடி என்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா?" என்றாள். அம்மா அலைபேசியைப் பார்த்தாள். அலைபேசி, "சரி, சொல்லு தங்கம்," என்றது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "பாட்டனி படிச்சா வேலை கெடைக்குமா மேடம்? உண்மையச் சொல்லுங்க."

"தெரியாது. எனக்குத் தெரிந்த ஒருத்தி இப்படி ஒன்றைப் படித்தாள். வெகுகாலம் கிடைக்கவில்லை. பிறகு கிடைத்தது. அந்த இடைவெளியைத் தாங்க வேண்டியிருக்கும். நான் படித்த காலத்தில் நிச்சயம் என்று சொன்ன வேலைகளில் பாதி இப்போது இல்லை. அதையும் சேர்த்து வைத்துக்கொள்."

"இந்தக் கல்லு அவங்க குடுத்ததா?"

"ஆமாம்."

"இது என்ன மரம்?"

"அவளுக்குத் தெரியாது. பாட்டனி படித்தவர்கள் வேண்டும் என்றாள்."

அவள் ரேகைகளின்மேல் விரலை ஓட்டினாள். பட்டையைத் தேடி, அதற்கு உள்ளே போய், நடுவில் நிறுத்தினாள். பெற்றவர்கள் இருவரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நாளைக்குக் கோயிலுக்கு வரேம்மா," என்றாள். "சாமி கும்புட. பூ வேணாம். பாட்டனியே போடுறேன்." பிறகு என்னிடம், "இதைக் கொஞ்ச நாளைக்கு மாடியில வச்சிக்கிரட்டா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் இரண்டு கைகளாலும் அணைத்தபடி படியேறிவிட்டாள்.

கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது. அதற்கு ஒரு செங்கல் தேட வேண்டும். கல் போனதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. அது ஒருபோதும் என்னுடையதாக இருந்ததில்லை. உன்னிடமிருந்து நான் வைத்திருப்பது, கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே அந்த ஈரக்கோடு பட்ட இடம் மட்டும்தான். எழுதும்போது அது இந்தத் தாளின்மேல் படிந்திருக்கிறது.